ஆன்கியில் ஆங்கிலச் சொற்கள்: இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தியபின்

கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம் வரும் வெளிநாட்டுப் பயணிகளுக்குச் செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிக் காட்டுவது என் தொழில். "பிக் ஹவுஸ், வெரி ஓல்டு, பர்மா டீக்" என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிடலாம். எனக்கு அது போதவில்லை. கேள்வி ஒரு பக்கமும் விடை மறுபக்கமுமாக அட்டைகள் காட்டி நினைவில் நிறுத்த உதவும் ஆன்கி செயலியில் உயர்நிலை ஆங்கிலச் சொற்களைப் படிக்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிறது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோன்காரர்கள் மட்டும் காசு கொடுக்க வேண்டும்.

செயலியின் மீது எனக்குப் பெரிய குறை இல்லை. நன்றாகத் தெரிந்த சொல்லைத் தள்ளிப்போட்டு, மறந்துபோனதைச் சீக்கிரம் கண்முன் நிறுத்துகிறது. 2023இல் ஆன்கியில் சேர்ந்த எஃப்எஸ்ஆர்எஸ் என்ற, எந்த அட்டையை எப்போது காட்டுவது என்று கணக்கிடும் முறைக்கு மாறிய பிறகு வெட்டியாக வந்து நிற்கும் அட்டைகள் குறைந்துவிட்டன. பலன் கிடைப்பதும் கிடைக்காததும் அட்டையில் என்ன எழுதி வைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

போட்டித் தேர்வுக்காக யாரோ தொகுத்த அட்டைக் கட்டு ஒன்றை முதலில் இறக்கிக்கொண்டேன். முன்பக்கம் சொல், பின்பக்கம் ஒரு வரிப் பொருள். 'அஃப்ளுவன்ட்', 'ஆப்யுலன்ட்' இரண்டுக்கும் ஏறக்குறைய அதே செல்வச் செழிப்புதான். இரண்டையும் சரியாகச் சொல்லி 'குட்' பொத்தானை அழுத்திக்கொண்டே போகலாம், மதிப்பெண் குறையாது. ஆனால் வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், நின்று பேசும்போது எது வீட்டுக்கு, எது வீட்டுக்காரருக்கு? எடுத்துக்காட்டு வாக்கியங்களை நாலைந்து அடுக்கிப் பார்த்தால் விஷயம் தெளிந்துவிடுகிறது. முதல் சொல்லின் பக்கத்தில் குடும்பம், சமூகம், வசதியானவர்கள் குடியிருக்கும் பகுதி என்று வருகின்றன. இரண்டாவதன் பக்கத்தில் மாளிகை, அறை, அலங்காரம். குறைப்பது, தணிப்பது என்று பொருள் தரும் சொற்களும் இப்படித்தான்: 'மிட்டிகேட்' பாதிப்பையும் ஆபத்தையும் தேடிப் போகிறது. 'அலீவியேட்' வலியையும் வறுமையையும். பொருள் விளக்கம் ஒரு சொல்லை அடையாளம் காட்டும். அது யாரோடு பழகுகிறது என்பதை வாக்கியம்தான் சொல்லும்.

அகராதியையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில அகராதிகளில் தெரியாத சொல்லுக்கு விளக்கம் தேடினால், விளக்கத்தில் தெரியாத சொற்கள் மூன்று இருக்கும். 1978இல் வெளிவந்த லாங்மன் அகராதி, ஏறக்குறைய 2,000 எளிய சொற்களுக்குள் நின்றே பொருள் சொல்லும் முறையை எடுத்துக்கொண்டது. 1987இல் வந்த கோபில்ட் அகராதி இன்னும் ஒரு படி மேலே போய், விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதியது. எடுத்துக்காட்டுகளையும் உண்மையில் எழுதப்பட்ட, பேசப்பட்ட ஆங்கிலத்திலிருந்து எடுத்தது. இரண்டையும் இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். என் ஓட்டு கோபில்டுக்கு.

இப்போது என் அட்டையின் முன்பக்கத்தில் சொல்லே கிடையாது. சொல் இருக்க வேண்டிய இடம் காலியாக விடப்பட்ட வாக்கியம் இருக்கும். அதற்குக் கீழே சுருக்கமான விளக்கமும் முதல் எழுத்தும். 'டிலாப்பிடேட்டட்' அட்டையில், வாரிசுகள் வெளியூரில் இருக்க, ஓடு சரிந்து கிடக்கும் வீட்டைப் பற்றி ஒரு வாக்கியம். பின்பக்கம் விடை, ஒலிப்பதிவு, அகராதியிலிருந்து இன்னும் இரண்டு வாக்கியங்கள். ஒலிப்பதிவை யாரும் விட்டுவிட வேண்டாம். வீட்டின் முகப்பைக் குறிக்கும் 'ஃபசாட்' என்ற சொல்லை எழுத்தைப் பார்த்து உச்சரித்தால் வேறு ஏதோ வந்து விழும். இந்த ஊரில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு தெருவைக்கூடக் கடக்க முடியாது.

இப்படி ஓர் அட்டை செய்ய ஐந்து நிமிடமாவது பிடிக்கிறது. சோம்பல் வரத்தான் செய்கிறது. ஆனால் ஆயத்தக் கட்டில் படித்தவை தேர்வுத்தாளோடு நின்றுவிட்டன. நானே கட்டியவை வாயில் வருகின்றன. சென்ற மார்கழியில் ஒரு பிரெஞ்சு அம்மையார் சுண்ணாம்புச் சுவரைத் தடவிப் பார்த்து, முட்டை வெள்ளைக் கரு சேர்த்த பூச்சா என்று கேட்டார். பளபளப்பைக் குறிக்கும் 'லஸ்ட்ரஸ்' என்று சொல்ல வந்தேன். அந்த அட்டையின் வாக்கியங்கள் எல்லாம் கூந்தல், முத்து, பட்டு என்றே இருந்தது நினைவுக்கு வர, 'பாலிஷ்டு' என்று மாற்றிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற வீட்டுக்கார ஆச்சி, "என்ன தம்பி, பாதியில் நிறுத்திவிட்டீர்கள்?" என்றார்.

தொந்தரவு இல்லாமல் இல்லை. கல்யாணம், குன்றக்குடிப் பங்குனி உத்திரம் என்று நாலு நாள் செயலியைத் திறக்காவிட்டால் அட்டைகள் மலைபோல் குவிந்துவிடும். நாளுக்கு இருபது புதிய சொற்கள் என்றுதான் ஆன்கி அமைத்துத் தருகிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது மிகவும் அதிகம். நான் ஐந்தாகக் குறைத்துக்கொண்டேன். சீசன் மாதங்களில் சுழியம்.

பகட்டுக்காகச் சேர்த்த சொற்களை இரக்கமில்லாமல் நீக்கிவிட்டேன். 'பல்கிரிட்யூடினஸ்' என்று ஒருவர் பேசி இதுவரை நான் கேட்டதில்லை. ஆயிரம் ஜன்னல் வீட்டின் முன் நின்றாலும் 'பியூட்டிஃபுல்' போதும். அழகப்பா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் பிள்ளைகள் கேட்டால், 2000ஆம் ஆண்டு ஏவரில் காக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர் வெளியிட்ட, கல்வித்துறை எழுத்தில் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களின் பட்டியலைக் காட்டுகிறேன். ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு அது அன்றாடம் வேண்டியிருக்கும். என் தொழிலுக்கு அதில் பாதிகூடத் தேவைப்படவில்லை.