அத்தை வாங்கித் தந்த கேமிங் பிசி

போன தடவை ஊருக்கு வந்தபோது தம்பி மகன் கேட்டது ஷூ. இந்தத் தடவை கேமிங் பிசி. பள்ளிப் படிப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்துவிட்டான், கேட்க அவனுக்கு உரிமை இருக்கிறது. எனக்குக் கம்ப்யூட்டர் என்றால் எக்செல், மெயில், மாதக் கடைசியில் கணக்கு முடிப்பது, அவ்வளவுதான். அலுவலகத்தில் பிரிண்டர் நின்றுவிட்டாலே ஆளைக் கூப்பிடுகிற ரகம். ஆனாலும் விமானம் ஏறுவதற்கு முன்பே "சரிடா, வாங்கிடலாம்" என்று வாய் விட்டாயிற்று. மூன்று வார விடுமுறையில் ஒரு வாரத்துக்கு மேல் இதற்கே போனது.

"கிராபிக்ஸ் கார்டை மட்டும் அங்கேயே வாங்கிட்டு வந்துடுங்க அத்தை" என்றுதான் முதலில் சொன்னான். திரையில் படத்தை வரைந்து காட்டும் பாகம் அது. தம்பிக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. நல்லவேளையாக, என்னோடு வேலை பார்க்கும் ஒருவரிடம் கேட்டுப் பார்த்தேன். பல கம்பெனிகளின் கார்டுக்கு வாரண்டி வாங்கிய நாட்டில்தான் செல்லும், பழுதானால் நீங்கள்தான் திரும்பத் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எல்லாமே ஊரில், ஒரே கடையில் என்று முடிவு செய்தோம்.

முதலில் போன கடையில் உட்கார வைத்து மரியாதையாகத்தான் கவனித்தார்கள். ஆனால் காசு கொடுக்கப்போவது நான் என்று சொன்ன பிறகும் கடைக்காரர் தம்பியைப் பார்த்தேதான் பேசினார். தம்பிக்கு என்னைவிடக் குறைவாகத் தெரியும். "ஐ7 சார், 16 ஜிபி ரேம், 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. பையன் எந்த கேம் வேணும்னாலும் ஆடலாம்." சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கடையின் லைட்டை அணைத்தார். கண்ணாடிக் கேபினெட்டுக்குள் ஆறு ஃபேன்களும் சிவப்பு, நீலம், பச்சை என்று மாறி மாறிச் சுழன்றன. பையன் வாயைப் பிளந்துவிட்டான். எனக்கே ஒரு நிமிடம் பர்ஸைத் திறந்துவிடலாம்போல் இருந்தது.

கொட்டேஷன் கேட்டேன். துண்டுச் சீட்டில் ஐந்து வரி எழுதித் தந்தார். "ஐ7 பிராசஸர் 1. கிராபிக்ஸ் கார்டு 8 ஜிபி 1." பிராசஸர் என்றால் கம்ப்யூட்டரின் மூளை, ஐ7 என்பது அதில் இன்டெல் கம்பெனியின் ஒரு வரிசை. இப்படி ஒரு பில் என் மேசைக்கு வந்தால் நான் பாஸ் பண்ண மாட்டேன். எந்த ஐ7, எந்தக் கார்டு என்று கேட்டேன். "டாப் மாடல் மேடம்." அது மாடல் எண் இல்லையே என்றேன். மூன்று முறை கேட்டபின் பிராசஸருக்குப் பக்கத்தில் மட்டும் 4770 என்று எழுதினார். கார்டுக்கு "ஆர்டிஎக்ஸ்" என்ற வரிசைப் பெயருக்கு மேல் ஒன்றும் வரவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பிவிட்டோம்.

அன்று ராத்திரி நானும் மருமகனும் உட்கார்ந்து தேடினோம். ஐ7 4770 வந்தது 2013இல். உள்ளே 4 கோர், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் நாலு பகுதி. 2022இல் வந்த ஐ3 12100இலும் அதே 4 கோர்தான், ஆனால் வேகத்தில் அந்தப் பழைய ஐ7 இதன் பக்கத்திலேயே வர முடியாது. ஐ3, ஐ5, ஐ7 என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்வதற்கில்லை. பின்னால் வருகிற எண்ணின் தொடக்கத்தில்தான் தலைமுறை இருக்கிறது. 4770 என்றால் நாலாம் தலைமுறை, 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. இன்னொன்றும் கண்ணில் பட்டது. விண்டோஸ் 11க்கு ஏற்றவை என்று மைக்ரோசாஃப்ட் தரும் பட்டியலில் இன்டெல் சிப்புகள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகின்றன. விண்டோஸ் 10க்கான சப்போர்ட்டோ 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. புத்தம்புதுக் கேபினெட்டுக்குள் ஓய்வுபெற்ற மிஷினை உட்கார வைத்து விளக்குப் போட்டிருக்கிறார்கள்.

"8 ஜிபி" விஷயமும் அதே கதைதான். அது கார்டில் இருக்கும் நினைவகத்தின் அளவே தவிர வேகம் இல்லை. ஆர்டிஎக்ஸ் 3050இலும் 8 ஜிபி உண்டு, ஆர்டிஎக்ஸ் 4060இலும் 8 ஜிபி உண்டு. ஆனால் இரண்டாவது முதலாவதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். போதாக்குறைக்கு, 3050 என்ற அதே பெயரில் 6 ஜிபி கார்டு ஒன்றும் இருக்கிறது. நினைவகம் மட்டும்தானே குறைவு என்று வாங்கினால் ஏமாந்தோம், உள்ளே கோர்களும் 2560க்குப் பதிலாக 2304தான். பெயர் வைக்கிறவர்களே இப்படி வைத்தால் கடைக்காரரை மட்டும் என்ன சொல்வது.

இரண்டாவது கடை சின்னது. குறுகலான மாடிப்படி ஏறிப் போக வேண்டும். மேசையெல்லாம் திறந்துகிடக்கும் மதர்போர்டுகள் (மற்றப் பாகங்களைச் செருகும் பலகைகள்), தரையில் காலிப் பெட்டிகள். சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவர் செருகியிருந்த இளைஞர் ஒருவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்ட முதல் கேள்வி, "என்ன கேம் ஆடுவ?" இரண்டாவது, "மானிட்டர் இருக்கா, வாங்கணுமா?"

மானிட்டரைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. அவர் கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு விளக்கினார். 1080பி திரையில் குறுக்கே 1920 புள்ளி, நெடுக்கே 1080. 4கே திரையில் மொத்தம் அதைப்போல் நாலு மடங்கு. அத்தனை புள்ளியையும் நொடிக்கு 60 தடவையோ 144 தடவையோ கார்டு வரைந்து தள்ள வேண்டும். எந்தத் திரை என்று தெரியாமல் எந்தக் கார்டு என்று எப்படிச் சொல்வது என்றார். மருமகன் பெரும்பாலும் ஆடுவது வாலரண்ட் என்ற துப்பாக்கி ஆட்டம், அதற்குப் பெரிய கார்டு தேவையே இல்லையாம். நடுநடுவே ஒன்றிரண்டு கனமான கதை ஆட்டங்கள் ஆடுவான், அதற்காகத்தான் 4060. திரை 1080பி, 144 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 144 தடவை.

பையன் விடவில்லை, ஐ7 வேண்டும் என்றான். "எதுக்கு? ஐ5 12400எஃப் போட்டுக்க. மிச்சத்தைக் கார்டுல போடு, ஆட்டத்துல தெரியறது அதுதான்." விற்கிறவரே என் செலவைப் பார்த்துப் பேசியது அங்கேதான், எனக்கு நம்பிக்கை வந்ததும் அங்கேதான். அப்போ மற்ற கடைகளில் ஏன் பழைய ஐ7ஐ எடுத்து நீட்டுகிறார்கள் என்று கேட்டேன். "வர்றவங்க ஐ7னுதானே மேடம் கேக்குறாங்க. நம்பர் கேட்டு யார் வர்றாங்க?"

மீதிப் பாகங்களில் அதிக நேரம் போகவில்லை. ரேம் 16 ஜிபி, ஒரே குச்சியாக இல்லாமல் 8 ஜிபி இரண்டு, இரண்டு பாதையில் ஓடினால் வேகம் கூடும் என்பதற்காக. சேமித்து வைக்க, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக அதைவிட வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி. அவர் பிடிவாதம் பிடித்தது எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது பவர் சப்ளையில். கேபினெட்டோடு இலவசமாக வருகிறதே, அதையே போடலாமே என்று தம்பி கேட்டான். "மொத்த மிஷினுக்கும் கரண்ட் அது வழியாத்தான் சார் போகுது. அது போனா சமயத்துல மத்ததையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போயிடும்." 4060 கார்டு இழுப்பது 115 வாட்தான், நல்ல கம்பெனியின் 550 வாட் தாராளம், பெரிய எண்ணுக்குக் காசு கொடுக்காதீர்கள், கம்பெனியைப் பாருங்கள் என்றார். பெட்டியில் இருக்கும் 80 பிளஸ் ப்ரான்ஸ் (வெண்கலம்), கோல்டு முத்திரையெல்லாம் மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான அளவுகோல்தானாம். கோல்டு என்றவுடன் தரம் என்று நினைத்திருந்தேன்.

என் பங்குக்கு நானும் நாலு கேட்டேன். ஒவ்வொரு பாகத்துக்கும் முழு மாடல் எண் கொட்டேஷனில் வேண்டும். சீரியல் எண்கள் பில்லில் ஏற வேண்டும். காலிப் பெட்டிகள் எல்லாம் என்னிடம் வர வேண்டும். மீதிப் பணம் கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம் ஆட்டம் ஓட்டிக் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். விண்டோஸுக்கு என்ன வழி என்று கேட்டபோதுதான் லேசாகச் சிரித்தார். "ஆக்டிவேட் பண்ணித் தந்துடுவோம் மேடம்." லைசென்ஸா என்றேன். சிரிப்பு கொஞ்சம் அகலமானது. லைசென்ஸைத் தனியாகக் காசு கொடுத்தே வாங்கினேன்.

சேவையில் குறை என்று எழுதினால் முதலில் நேரம்தான். இரண்டு நாள் என்றார்கள், ஆறு நாள் ஆனது. தினமும் "நாளைக்கு ரெடி மேடம்." விடுமுறையில் வந்தவளுக்கு ஒரு நாள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அல்லது நன்றாகவே தெரிந்திருக்கிறது. ஆனால் மூன்றாம் நாள் ஒரு போன் வந்தது. எழுதிக்கொடுத்த ரேம் கிடைக்கவில்லை, அதே வேகத்தில் வேறு கம்பெனி போடலாமா என்று. துண்டுச் சீட்டில் "16 ஜிபி ரேம்" என்று மட்டும் இருந்திருந்தால் அந்த போன் வந்திருக்காது என்பது என் கணிப்பு.

ஏழாம் நாள் கடையில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம், ஜம்மென்று ஓடியது. கார்டு கனமானது, குலுங்கினால் ஸ்லாட்டுக்குக் கேடு என்று, கேபினெட்டைப் படுக்க வைத்துக் கொண்டுபோகச் சொன்னார். உள்ளே மதர்போர்டு கீழே கிடையாக இருக்க வேண்டும், அப்போது கார்டு அதன்மேல் நேராக நிற்கும். பின் சீட்டில் தலையணை போட்டு, பக்கத்தில் நான் கைவைத்துப் பிடித்தபடி வீடு வந்து சேர்ந்தோம்.

வீட்டில் சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. "அப்பவே சொன்னேன், பெரிய கடையில வாங்கலாம்னு" என்று தம்பி ஆரம்பித்துவிட்டான். அவன் அப்படிச் சொல்லவே இல்லை. கடை முதலாளிக்கு போன் போட்டால், நாளைக்கு எடுத்துட்டு வாங்க என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். திரும்பவும் தலையணையா? ஸ்க்ரூடிரைவர் தம்பியின் நம்பருக்கே போட்டேன்.

"மேடம், மானிட்டர் வயரை எங்க செருகியிருக்கீங்க? பின்னாடி மேல, யுஎஸ்பி ஓட்டையெல்லாம் இருக்குல்ல, அங்கயா?"

ஆமாம், அங்கேதான்.

"அதை எடுத்துட்டு, கீழ படுக்கை வாட்டத்துல இருக்குற ஓட்டையில செருகுங்க."

படம் வந்துவிட்டது. மேலே இருப்பது மதர்போர்டின் வாய், கீழே இருப்பது கார்டின் வாய். 12400எஃப் என்பதில் அந்த எஃப் இருக்கிறதே, பிராசஸருக்குள் படம் காட்டும் பகுதி இல்லை என்று அதற்குப் பொருள். அதனால்தான் திரை கறுப்பு. எஃப் இல்லாத சிப்பாக இருந்திருந்தால் இன்னும் மோசம். படம் வந்திருக்கலாம், நாங்களும் திருப்தியாக இருந்திருப்போம், அவ்வளவு காசு போட்ட கார்டு முழு வேகத்தைக் காட்டாமலே உள்ளே குந்தியிருந்திருக்கலாம்.

அடுத்த இரண்டு நாள் பையன் அறையை விட்டு வெளியே வரவில்லை. கேட்டால் "வேற லெவல் அத்தை" என்றான். எனக்கோ, வந்த சரக்கையும் பில்லையும் ஒத்துப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. பெட்டிகளைப் பரப்பிவைத்துக்கொண்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொன்னேன். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பக்கத்தில் எல்லாம் தெரிகிறது. பிராசஸர் சரி. கார்டு சரி. ரேம் 16 ஜிபி, சரி. வேகம் 2133. பெட்டியில் 3200 என்று அச்சடித்திருக்கிறது.

மறுபடியும் போன். இந்தத் தடவை தவறு அவர்கள் பக்கம். பயாஸில், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கும் மதர்போர்டின் செட்டிங்ஸில், எக்ஸ்எம்பி என்ற ஒன்றை ஆன் செய்தால்தான் ரேம் சொன்ன வேகத்தில் ஓடும், அதை மறந்துவிட்டார்கள். மழுப்பாமல் ஒப்புக்கொண்டார், வீடியோ காலில் வந்து ஒவ்வொரு கீயாகச் சொல்லிக்கொடுத்து 3200க்கு ஏற்றினார். அந்தச் சூட்டோடு அவரே கேட்டார்: "மானிட்டரை 144ல வச்சிட்டீங்கள்ல?" செட்டிங்ஸில் டிஸ்ப்ளேவுக்குள் போய்ப் பார்த்தால் 60 ஹெர்ட்ஸில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு நாளாக வேற லெவல் என்று ஆடியதெல்லாம் 60இல்தான். பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மாற்றிவிட்டு மவுஸை அசைத்ததும் அவனே சிரித்துவிட்டான்.

நான் திரும்பி வந்து ஒன்றரை மாதத்தில் முன்பக்க ஃபேன் ஒன்று கரகரக்க ஆரம்பித்தது. தம்பி பில்லை எடுக்காமலே கடைக்குப் போய், முதலாளி சீரியல் நம்பர் கேட்டதும் அங்கிருந்தே எனக்கு போன் செய்தான். எனக்கு நள்ளிரவு. போனில் இருந்த பில் படத்தை அனுப்பினேன். மாற்றித் தருகிறோம், ஆனால் பெட்டி வேண்டும் என்றார்களாம். அதை எங்கே போட்டோம், தெரியலையே அக்கா, பழைய பேப்பரோட போயிருக்குமோ என்று இழுத்தான்.

போகவில்லை. பரணில், இடது பக்கம், என் பழைய சூட்கேஸுக்குப் பின்னால்.