எம்.எச்.சி. முதல் வகை, இரண்டாம் வகை: டி செல்லுக்கு யார் எதைக் காட்டுகிறார்கள்?

முழு வைரஸையும் கண்ணெதிரே கொண்டுவந்து நிறுத்தினாலும், நோய் எதிர்ப்பு வெள்ளணுவான டி செல்லுக்கு அது தெரியாது. வைரஸின் புரதத்தை நறுக்கி, ஒரு துண்டை, புரதத் துண்டுகளைத் தாங்கிக் காட்டும் எம்.எச்.சி. என்ற மூலக்கூறின் பள்ளத்தில் பொருத்தி, செல்லின் மேற்பரப்பில் நீட்ட வேண்டும். 1974இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் டோஹெர்ட்டி, சிங்கர்நாகல் என்ற ஆய்வாளர்கள் எலிகளில் எம்.எச்.சி.யின் இந்தப் பங்கைக் கண்டார்கள். அதே வைரஸ் புகுந்த செல்லாக இருந்தாலும், எம்.எச்.சி. வேறாக இருந்தால் டி செல் அதைத் தொடவில்லை. 1996இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

முதல் வகை எம்.எச்.சி., உட்கரு உள்ள ஏறக்குறைய எல்லா செல்களிலும் உண்டு. செல் தனக்குள் தயாரிக்கும் புரதங்களை புரோட்டியசோம் என்ற நொதித் தொகுதி நறுக்கும். டேப் என்ற கடத்தி அந்தத் துண்டுகளை, எம்.எச்.சி. உருவாகும் சவ்வு அறையான எண்டோபிளாச வலைக்குள் ஏற்றும். பெரும்பாலும் 8 முதல் 10 அமினோ அமிலம் நீளமுள்ளவைதான் பள்ளத்தில் அடங்கும். பார்க்க வருவது டி செல்களில் ஒரு வகையான சிடி8 செல். துண்டு அந்நியம் என்றால் அந்த செல்லையே கொன்றுவிடும். சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை, முதல் வகையும் கிட்டத்தட்ட இல்லை. மலேரியா ஒட்டுண்ணி அதற்குள் போய்விட்டால் சிடி8 செல்லால் பிடிப்பது கடினம். அதற்கு முன் கல்லீரல் செல்லில் இருக்கும்போதுதான் நல்ல வாய்ப்பு.

இரண்டாம் வகை, முக்கியமாக டென்ட்ரிடிக் செல், மேக்ரோஃபேஜ், பி செல் ஆகிய நோய் எதிர்ப்பு செல்களின் சொத்து. வெளியிலிருந்து விழுங்கியதைக் காட்டுவது இதன் வேலை. இதுவும் உருவாவது அதே எண்டோபிளாச வலையில்தான். அங்கே திரியும் உள்ளூர்த் துண்டுகள் ஒட்டிவிடக் கூடாதே! அதற்காக இன்வேரியன்ட் செயின் என்ற புரதம் பள்ளத்தை அடைத்தபடி கூடவே வருகிறது. விழுங்கிய பொருள் இருக்கும் பைக்குள் போன பிறகு இன்வேரியன்ட் செயின் சிதைந்து, கிளிப் என்ற சிறு துண்டு மட்டும் மிஞ்சும். எச்.எல்.ஏ.-டி.எம். என்ற இன்னொரு புரதம் அதையும் கழற்றிவிட, வெளியிலிருந்து வந்த துண்டு அமர்கிறது. இந்த ஏற்பாட்டை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீர்வதில்லை. இப்படிக் காட்டப்படும் துண்டைப் பார்ப்பது, மற்ற நோய் எதிர்ப்பு செல்களுக்கு உதவும் டி செல்லான சிடி4 செல்.

எது முக்கியம் என்று கேட்டால் நான் இரண்டாம் வகையின் பக்கம். எச்.ஐ.வி. சிடி4 செல்களை அழித்ததும் காசநோய் தலைதூக்குகிறது, ஆன்டிபாடி உற்பத்தி தடுமாறுகிறது, சிடி8 செல்களும் தளர்ந்துபோகின்றன. ஆனால் வைரஸ்கள் முதல் வகையையும் சும்மா விடவில்லை. ஹெர்பஸ் சிம்ப்ளெக்ஸ், டேப் கடத்தியையே அடைத்துவிடும்.

இவ்வளவு தெளிவாக இரண்டாகப் பிரித்துப் பாடநூல்கள் போடும் அட்டவணை, டென்ட்ரிடிக் செல்லிடம் செல்லுபடியாகாது. அது விழுங்கியதை முதல் வகையிலும் ஏற்றிக் காட்டும். குறுக்குக் காட்சிப்படுத்தல் என்பது இதுதான். இது இல்லையென்றால், டென்ட்ரிடிக் செல்லைத் தாக்காத வைரஸுக்கு எதிராகப் புதிய சிடி8 செல்களைத் தயார்செய்வது பெரும்பாடு. செயலிழந்த வைரஸ் தடுப்பூசி பெரும்பாலும் இரண்டாம் வகைப் பாதையில் போவதால், அது தூண்டும் சிடி8 எதிர்வினை பொதுவாகக் குறைவு. எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியோ நம் செல்லையே அந்தப் புரதத்தைத் தயாரிக்க வைக்கிறது. முதல் வகைக்கு அதுவே நேர்வழி.