சின்ன முன்முற்றத்துக்கு ஏற்ற பிங்க் ரோசா: ‘சில்வர் ஜூபிலி’ வளர்த்துப் பார்த்ததில்

லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டு வாசலுக்கும் நடைபாதைக்கும் இடையில் மிஞ்சிக் கிடப்பது மூன்று மீற்றர் நீளமும் ஒன்றரை மீற்றர் அகலமும் கொண்ட ஒரு துண்டு மண். அதில் நிற்கிற பிங்க் ஹைபிரிட் டீ (பெரிய பூப் பூக்கிற ரோசா வகை) ரோசாவின் பெயர் ‘சில்வர் ஜூபிலி’. இதே அளவு இடம் வைத்திருக்கிறவர்கள் என்ன ரோசா வைக்கலாம் என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்லுவேன். ஐந்துக்கு நாலு புள்ளி கொடுக்கிறேன். குறைந்த ஒரு புள்ளி வாசனைக்கு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த ரோசா ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் பிறந்தது. உருவாக்கியவர் அலெக் கொக்கர். எலிசபெத் அரசி ஆட்சிக்கு வந்த இருபத்தைந்தாவது ஆண்டு நிறைவு 1977இல் வந்தது. பெயர் அதிலிருந்து வந்தது. எங்கள் வீட்டுப் பக்கமாக ஓடுகிற ஜூபிலி லைன் ரயிலுக்கும் அதே கொண்டாட்டத்தின் பெயர்தான், அது 1979இல் ஓடத் தொடங்கியது. ரோசா சந்தைக்கு வந்தது 1978இல். கொக்கர் அதற்கு முந்திய ஆண்டே காலமாகிவிட்டார். தன் வாழ்நாளின் மிகச் சிறந்த பூ ஊரெல்லாம் பூத்துக் குலுங்கியதை அந்த மனிதர் பார்க்கவில்லை என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் மனம் கனக்கும்.

பூவைப் பற்றி. ‘பிங்க்’ என்று ஒரு சொல்லில் அடக்குவது இதற்கு அநியாயம். மொட்டு விரியத் தொடங்கும்போது சால்மன் நிறம் தூக்கலாக இருக்கும். விரிய விரிய இதழின் உட்புறம் இளஞ்சிவப்பாகி, அடியில் கிறீம் நிறம் தெரியும். நடுவில் இதழ்கள் கூம்பாகச் சுருண்டு உயர்ந்து நிற்க, வெளி இதழ்கள் ஓரம் மடிந்து பின்னுக்குச் சாயும். ஹைபிரிட் டீ என்றால் ஆட்கள் மனதில் வருகிற வடிவம் இதுதான். ஜூன் நடுப்பகுதியில் முதல் பூப்பு, ஓகஸ்ட் பாதியில் இரண்டாவது, பனி கடுமையாக விழாத ஆண்டுகளில் நவம்பரிலும் ஒன்றிரண்டு. வெயில் அதிகம் பட்டால் சால்மன் நிறம் சீக்கிரம் வெளிறும். 2022 ஜூலையில் லண்டனில் வெப்பம் 40 பாகையைத் தாண்டியபோது காலையில் விரிந்த பூ மாலையில் காகிதம் போல ஆகிவிட்டது. ஆனால் செடிக்கு ஒன்றும் நடக்கவில்லை.

நான் இதை விரும்புவது பூவைவிட இலைக்காக. பெரும்பாலான ஹைபிரிட் டீ ரோசாக்களின் தொல்லை என்னவென்றால் மேலே நாலு அழகான பூ, கீழே முழங்கால் வரைக்கும் வெறும் முள்ளுத் தடி. பெரிய தோட்டத்தில் அதன் காலை மறைக்க முன்னால் வேறு செடி வைக்கலாம். எங்களுக்கு முன்னால் வைக்க இடம் எங்கே? கேற்றைத் திறந்தால் செடியின் கால்தான் முதலில் கண்ணில் படும். சில்வர் ஜூபிலி தரைக்குக் கிட்டவிருந்தே கிளைத்து, தடித்த பளபளப்பான இலைகளால் தன் காலைத் தானே மூடிக்கொள்ளும். உயரம் ஒரு மீற்றருக்குள் நிற்கிறது, அகலம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. யன்னலை மறைக்காது, நடைபாதையில் போகிறவர்களின் சட்டையைப் பிடித்து இழுக்காது. பூக்காத நாட்களிலும் பார்க்க ஒரு நல்ல பச்சைப் புதராக இருக்கும். சின்ன முற்றத்தில் ஒரு செடி வருடத்தில் பாதி நாளாவது இலையை மட்டுமே காட்டிக்கொண்டு நிற்கப்போகிறது, அதனால் வாங்கும்போது பூப் படத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

அந்த இலைக்குக் காரணம் அதன் வம்சாவளி. கொக்கர் இதன் முன்னோர்களில் ஒன்றாக ‘பார்க்டிரெக்டர் ரிகர்ஸ்’ என்ற ஜேர்மன் கொடி ரோசாவைச் சேர்த்தார். அது 1957இல் கோர்டெஸ் என்ற ரோசா வளர்ப்புக் குடும்பத்தார் வெளியிட்ட சிவப்பு ரோசா, மினுங்கும் இலைக்கும் குளிரைத் தாங்குவதற்கும் பெயர் போன வழி. கொடி ரோசாவின் உரத்தை வாங்கிக்கொண்டு அதன் உயரத்தை விட்டுவிட்ட செடி இது.

நோய் பற்றி நேராகச் சொல்ல வேண்டும். பழைய ரோசாப் பட்டியல்கள் இதை நோயே வராத செடி என்பது போலப் புகழும். 1978இல் அது பெரும்பாலும் உண்மையாகவும் இருந்திருக்கும். லண்டனில் நிலக்கரிப் புகை மண்டிய காலத்தில் காற்றிலிருந்த கந்தகம் கரும்புள்ளிப் பூஞ்சணத்தை அடக்கி வைத்திருந்தது. 1952இன் பெரும் புகைமூட்டத்துக்குப் பிறகு 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்து காற்று மெல்ல மெல்லத் தெளிந்தது, எங்கள் மூச்சுக்கு நல்ல காலம், பூஞ்சணத்துக்கும் நல்ல காலம். எங்கள் செடியில் மழை கூடிய ஓகஸ்டில் கீழ் இலைகளில் கரும்புள்ளி வரத்தான் செய்கிறது. ஆனால் பக்கத்து வீட்டு மஞ்சள் ரோசா அதே மாதத்தில் மொட்டையாகி நிற்கும்போது இது முக்கால்வாசி இலையோடு நிற்கும். நான் மருந்து அடிப்பதில்லை. விழுந்த இலைகளை ஒன்றும் விடாமல் பொறுக்கிக் குப்பைக்கு அனுப்புவதும், காலையில் அடியில் மட்டும் தண்ணீர் விடுவதும் போதுமாக இருக்கிறது. மே மாதத்துப் பச்சைப் பேனை (அசுவினியை) நசுக்க இரண்டு விரல்களே போதும்.

நடும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். வடமேற்கு லண்டனில் தோண்டினால் வருவது களிமண். ரோசாவுக்குக் களி பிடிக்கும் என்பார்கள், சரிதான், ஆனால் குளிர்காலத்தில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். இரண்டு கொத்து ஆழத்துக்குக் கிளறி, மக்கிய மாட்டெரு நிறையக் கலந்தேன். இரண்டாவது, எங்கள் பகுதி வீடுகள் 1930களில் கட்டியவை, முன்பக்கத்தில் ரோசா வைப்பது அந்தக் காலத்து வழமை. ஏற்கனவே ரோசா நின்ற மண்ணில் புது ரோசா வைத்தால் அது வளராமல் சவலையாகவே இருக்கும். அரை மீற்றர் ஆழத்துக்கு அந்த மண்ணை எடுத்துவிட்டு, பின்வளவில் மரக்கறி விளைந்த இடத்து மண்ணைக் கொண்டுவந்து போட்டேன். இடுப்பு ஒடிகிற வேலை. செய்யாமல் விடாதீர்கள். ஒட்டுப் போட்ட கணு மண்ணுக்குள் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் போகும்படி நட வேண்டும். அதற்குக் கீழே வேறுமாதிரி இலையோடு ஒரு முளை கிளம்பினால் அது ஒட்டுக்கட்டையின் (ரோசாவை ஒட்டியிருக்கிற அடிச் செடியின்) முளை, வெட்டாமல் அடியோடு பிய்த்தெடுக்க வேண்டும்.

பெப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ, வெளிப்புறம் பார்க்கிற கணுவுக்கு மேலே, ஒரு சாண் உயரத்துக்கு வெட்டிவிடுகிறேன். முதல் முறை பார்த்த அம்மா, “ஐயோ, செடியைக் கொண்டுட்டாய்” என்றார். மே மாதம் அவரே அயலட்டையைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். ரோசாப் பசளை ஏப்ரலில் ஒரு பிடி, முதல் பூப்பு முடிந்தவுடன் இன்னொரு பிடி. அதற்குப் பிறகு வேண்டாம், பிந்தி வருகிற இளம் தளிர் பனியில் கருகிவிடும். ஒரு தண்டில் பல மொட்டுகள் வரும். அப்படியே விட்டால் பூக்கள் கூட்டமாக, கொஞ்சம் சின்னதாக, இலைக்கு மிக நெருக்கமாக உட்காரும். சாடியில் வைக்கத் தண்டு நீளம் காணாது. பக்க மொட்டுகள் பட்டாணி அளவில் இருக்கும்போதே கிள்ளிவிட்டால் நடு மொட்டு கைப்பிடி அளவுக்கு விரியும். நான் வாசல் பக்கத்துத் தண்டுகளை மட்டும் கிள்ளுவேன், மற்றதெல்லாம் செடியின் விருப்பம்.

மாடி வீட்டுக்காரருக்கும் இது சரிவரும். பூச்சாடி 45 சென்ரிமீற்றராவது ஆழமாக இருக்க வேண்டும், ஜோன் இன்னஸ் மூன்றாம் இலக்க மண்கலவை நல்லது, கோடையில் தக்காளிக்கு விடுகிற திரவப் பசளையையே இதற்கும் விடலாம். தண்ணீர் மட்டும் மறக்கக் கூடாது.

இனி வாசனை. கிட்டத்தட்ட இல்லை. மூக்கை இதழுக்குள் வைத்து மணந்தால் மெல்லியதாக ஏதோ வரும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் பூ என்றால் முதலில் சாமிப் படத்துக்கு. முதல் பூவை வெட்டிக் கொடுத்தபோது அம்மா மணந்து பார்த்துவிட்டு, “வாசமில்லாத பூவை என்னெண்டு அம்மாளுக்கு வைக்கிறது?” என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. மல்லிகையும் நந்தியாவட்டையும் வைத்து வளர்ந்தவர்களுக்கு மணம் பூவின் பாதி. ரோசாவில் வாசனைதான் வேண்டும் என்றால் இதை வாங்காதீர்கள். ‘ஃபிராக்ரன்ட் கிளவுட்’ வாங்குங்கள். அதுவும் ஏறக்குறைய இதே உயரம்தான். நிறம் பிங்க் அல்ல, செம்பவளச் சிவப்பு, ஆனால் ஒரு பூ முழு அறையையும் மணக்க வைக்கும். இலை இந்த அளவுக்கு நிற்காது.

வாங்குவதென்றால் சாடியில் பூத்து நிற்கிறதைக் கோடையில் வாங்குவதைவிட, நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் மண்ணில்லாமல் வேரோடு அனுப்புகிற கன்றை ரோசாப் பண்ணை ஒன்றில் நேரடியாகச் சொல்லி எடுப்பது நல்லது. விலையும் குறைவு, எனக்கு 17 பவுண் முடிந்தது. பெட்டியில் அடைத்துத் தண்டுக்கு மெழுகு பூசிச் சூடான கடைக்குள் வைத்து விற்பவற்றின் வேர் பெரும்பாலும் காய்ந்திருக்கும், மலிவு என்று எடுக்க வேண்டாம். பழைய வகை என்பதால் எல்லாப் பண்ணையிலும் எல்லா ஆண்டும் இருக்காது, செப்டெம்பரிலேயே சொல்லி வையுங்கள். கன்று வந்ததும் ஒரு மணி நேரம் வாளித் தண்ணீரில் வேரை ஊறவிடுங்கள். அன்றைக்கு மண் உறைந்திருந்தால் வேரை ஈரச் சாக்கில் சுற்றிக் குளிரான கொட்டிலில் வைத்துவிட்டு, மண் இளகிய பிறகு நடுங்கள்.