கிழக்குத் தாம்பரத்தின் உட்தெருவில் வீடு: பழைய தனி வீடா, புதிய அடுக்ககமா, வெற்று மனையா?

வேளச்சேரி சாலையிலிருந்து சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் பக்கம் உள்ளே திரும்பி இரண்டு மூன்று தெருக்கள் தாண்டினால், சென்னையின் இரைச்சல் சட்டென்று குறைந்துவிடும். வேப்பமரமும் முருங்கைமரமும் நிற்கும் இந்த உட்தெருக்களில் வீடு தேடுகிறவர் முன்னால் பெரும்பாலும் மூன்று பொருள்கள் வைக்கப்படுகின்றன. ஒன்று, 1980களிலோ 1990களிலோ கட்டப்பட்டு இப்போது விற்பனைக்கு வந்திருக்கும் பழைய தனி வீடு. இரண்டாவது, அப்படிப்பட்ட ஒரு வீட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் எழுப்பிய, கீழே கார் நிறுத்தமும் மேலே மூன்று தளங்களும் கொண்ட சிறு அடுக்ககத்தில் ஒரு வீடு. மூன்றாவது, இன்னும் சற்றுத் தள்ளி, புதிதாகப் பிரித்த மனைப்பிரிவில் ஒரு வெற்று மனை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினைந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் அங்கேயே வாழப்போகும் குடும்பத்துக்கு, பத்திரங்கள் தெளிவாக இருந்து பணமும் எட்டுமானால், பழைய தனி வீடே சிறந்தது. பணம் எட்டாதபோது புதிய அடுக்ககத்தைவிட, ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஆன சிறு அடுக்ககத்தில் மறுவிற்பனைக்கு வரும் வீட்டைத் தேடுவது நல்லது. வெற்று மனை, உடனே குடியேற வேண்டிய அவசரம் இல்லாதவருக்கும் கட்டுமான வேலையை அருகிலிருந்து பார்த்துக்கொள்ள முடிந்தவருக்கும் மட்டுமே பொருந்தும்.

இந்த முடிவுக்கு முதல் காரணம் நிலக்கணக்கு. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி இயல்பான தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 2 என்பதால், ஒரு கிரவுண்டில் 4,800 சதுர அடி வரை கட்டலாம். அதை ஆறு வீடுகளாகப் பிரித்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் 800 சதுர அடிக் கட்டடமும், பத்திரத்தில் 400 சதுர அடிப் பிரிக்கப்படாத பங்கும், அதாவது எல்லாருக்கும் பொதுவான நிலத்தில் அந்த வீட்டுக்குரிய பங்கும், கிடைக்கும். கணக்குக்காக அந்தத் தெருவில் நிலம் சதுர அடிக்கு 6,000 ரூபாய் என்றும், அடுக்கக வீட்டின் விலை சதுர அடிக்கு 7,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். வீட்டின் விலை 56 லட்சம்; அதில் நிலத்தின் மதிப்பு 24 லட்சம் மட்டுமே. மீதி 32 லட்சம் கட்டடத்துக்கும் கட்டியவரின் இலாபத்துக்கும் போகிறது. அதே தெருவில் அரைக் கிரவுண்டில் நிற்கும் பழைய வீடு 80 லட்சம் என்றால், அதில் 72 லட்சம் நிலத்துக்காகவே தரப்படுகிறது. கட்டடம் ஆண்டுதோறும் தேய்கிறது, நிலம் தேய்வதில்லை. எனவே வாங்கும் நாளில் அடுக்ககம் மலிவாகத் தெரிந்தாலும், கொடுக்கும் பணத்தில் பாதிக்கு மேல் தேயும் பொருளில் போடப்படுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

அடுத்து, விலைக்கு மேல் ஆகும் செலவு. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணம் 4 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அப்போதே, பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் நில மதிப்பான வழிகாட்டி மதிப்பு உயர்த்தப்பட்டது. முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு. ஆகப் பழைய வீட்டுக்கும் மனைக்கும் மொத்தம் 9 விழுக்காடு. புதிய அடுக்கக வீடுகள் 2023 டிசம்பர் 1 முதல் நிலமும் கட்டடமும் சேர்ந்த கூட்டு மதிப்பில் பதிவாகின்றன. முதல் விற்பனைக்குச் சலுகை உண்டு: 50 லட்சம் வரை மொத்தம் 6 விழுக்காடு, அதற்கு மேல் 3 கோடி வரை 7 விழுக்காடு. இந்தச் சலுகையைக் காட்டித்தான் விற்பனையாளர்கள் புதிய வீட்டை வாங்கச் சொல்வார்கள். ஆனால் கட்டி முடியாத நிலையில் வாங்கும் வீட்டுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காடு உண்டு; 45 லட்சத்துக்கு உட்பட்டு, பரப்பு வரம்புக்குள்ளும் அடங்கும் வீட்டுக்கு மட்டும் 1 விழுக்காடு. நம் 56 லட்சம் வீட்டுக்கு 7 விழுக்காடும் 5 விழுக்காடும் சேர்ந்து 12 ஆகிறது. மறுவிற்பனை வீட்டுக்கு 9 விழுக்காட்டோடு முடிந்துவிடும். கட்டி முடித்து, பணிநிறைவுச் சான்றும் பெற்ற பிறகு விற்கும் புதிய வீட்டுக்கு இந்த வரி இல்லை என்பதால், புதியதுதான் வேண்டும் என்பவர் அந்த நிலை வரை காத்திருப்பது மேல்.

வங்கிக் கடனையும் இங்கேயே பார்த்துவிடலாம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டின் மதிப்பில் 80 விழுக்காடு வரை கடன் தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. பதிவுச் செலவை அந்த மதிப்பில் சேர்க்க முடியாது. 56 லட்சம் வீட்டுக்குக் கைப்பணமாக 11 லட்சத்து 20 ஆயிரமும், பதிவுக்கும் வரிக்குமாக 6 லட்சத்து 72 ஆயிரமும், ஆக ஏறத்தாழ 18 லட்சம் வேண்டும். 80 லட்சம் பழைய வீட்டுக்கு 16 லட்சமும் பதிவுக்கு 7 லட்சத்து 20 ஆயிரமுமாக 23 லட்சத்துக்குச் சற்று மேல் வேண்டும். பழுதுபார்க்கும் செலவு தனி. கைப்பணத்தில் இருக்கும் இந்த ஐந்தாறு லட்ச வித்தியாசத்தைவிட, 64 லட்சம் கடனுக்கு மாதந்தோறும் கட்ட வேண்டிய தவணைதான் பல குடும்பங்களைப் பின்வாங்க வைக்கிறது. அது நியாயமான தயக்கம். சம்பளத்தில் பாதியைத் தவணைக்குக் கொடுத்துவிட்டு வாழும் வீட்டில் நிம்மதி இருக்காது.

இனி, பலரும் கவனிக்காத ஒன்று. 2016ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் கட்டும் திட்டமோ, எட்டு வீடுகளுக்கு மேற்படாத திட்டமோ ஆணையத்தில் பதிவு செய்யப்பட வேண்டியதில்லை. 500 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ இரண்டே கால் கிரவுண்டு. ஆகவே அமைதியான உட்தெருவில் ஒற்றைக் கிரவுண்டில் எழும் ஆறு வீட்டு அடுக்ககங்கள் அநேகமாக எல்லாமே அந்தப் பதிவுக்கு வெளியே நிற்கின்றன. பெருஞ்சாலை ஓரத்தில் இருநூறு வீடு கட்டும் நிறுவனம், வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைத்து அந்தத் திட்டத்துக்கே செலவிட வேண்டும். வரைபடத்தையும் முடிக்கும் தேதியையும் ஆணையத்தின் தளத்தில் வெளியிட வேண்டும். உட்தெருவில் கட்டுபவருக்கு இந்தக் கடமைகள் இல்லை. அவர்களில் நேர்மையாகக் கட்டுவோர் நிறையப் பேர் உண்டு. ஆனாலும் சட்டம் தராத பாதுகாப்பை வாங்குபவர் தானே தேடிக்கொள்ள வேண்டும். ஆறு பத்திரங்களிலும் எழுதப்படும் பிரிக்கப்படாத பங்குகளைக் கூட்டினால் முழு 2,400 சதுர அடியும் வருகிறதா, அல்லது கட்டியவரோ நிலத்துக்காரரோ ஒரு பகுதியைத் தம் பெயரில் நிறுத்திக்கொண்டிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். மொட்டை மாடியின் உரிமை யாருக்கு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். பின்னாளில் இன்னொரு தளம் எழும்புவதற்கான வழி பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான் ஒளிந்திருக்கிறது.

பழைய வீட்டின் சிக்கல் வேறு வகையானது. கட்டியவர் காலமாகி, பிள்ளைகள் விற்கும் வீடுகளே இந்தத் தெருக்களில் அதிகம். தந்தை சுயமாகச் சம்பாதித்த சொத்துக்கு அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருக்கும் அவருடைய தாய் ஆகிய அனைவரும் சம பங்குடைய வாரிசுகள். மகள்களுக்குச் சீர் செய்தாயிற்று, அவர்கள் கையெழுத்து தேவையில்லை என்று சொல்லும் குடும்பம் எவ்வளவு நல்ல குடும்பமாக இருந்தாலும் அந்தப் பேச்சை ஏற்கக் கூடாது. வாரிசுச் சான்றிதழில் உள்ள ஒவ்வொருவரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் தருகிற அதிகாரப் பத்திரத்தையும் வழக்கறிஞர் பார்க்க வேண்டும். தாய்ப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, விற்பவர் பெயரிலான பட்டா, அந்தக் காலத்துக் கட்டட அனுமதி வரைபடம் ஆகியவற்றில் கடைசியாகச் சொன்னதுதான் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். அது இல்லையென்றால் வங்கி தயங்கும். மாடியில் பின்னர் சேர்த்த அறை வரைபடத்தில் இல்லாமலிருப்பதும் மிகச் சாதாரணம்.

பழைய வீட்டைப் பார்க்கப் போகிறவர் முதலில் வாசற்படியைக் கவனிக்க வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய தாரைப் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே வந்ததால், கட்டிய நாளில் மூன்று படி ஏறி நுழைந்த வீட்டுக்குள் இன்று படி இறங்கி நுழைய வேண்டியிருக்கிறது. சிட்லப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் அடுத்தடுத்த ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கிச் செல்லும் தாழ்வான பகுதி இது. 2015 டிசம்பர் மழையிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை நின்றது என்று எதிர்வீட்டுக்காரரையும் மூலைக் கடைக்காரரையும் கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். சுவரில் படிந்த கறையும் பதில் சொல்லும், புதிதாக அடித்த வண்ணம் அதை மறைக்காதிருந்தால். இந்த ஒரு விஷயத்தில் அடுக்ககத்துக்கே வெற்றி: தண்ணீர் வந்தால் கீழே வண்டிகள் கெடும், முதல் தளத்தில் வீடு காய்ந்திருக்கும். தாழ்ந்துவிட்ட பழைய வீட்டை ஜாக்கி வைத்து உயர்த்துவது சென்னையில் இன்று நடைமுறையில் உள்ள வேலைதான். அந்தச் செலவை விலை பேசும்போதே கழித்துக் கேட்க வேண்டும்.

நிலத்தடி நீரில் தனி வீட்டின் நிலை மேலானது. ஒரு ஆழ்துளைக் கிணற்றை ஒரு குடும்பம் பயன்படுத்துவதும் ஆறு குடும்பங்கள் பயன்படுத்துவதும் ஒன்றாகாது. 2019 கோடையில் சென்னை முழுதும் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தபோது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. பாதாளச் சாக்கடை வராத தெருவில் கழிவுநீர்த் தொட்டிக்கும் இதே கணக்கு.

மனைக்கு வருவோம். சற்றுத் தள்ளிய தெருவில் சதுர அடி 4,000 ரூபாய்க்கு அரைக் கிரவுண்டு 48 லட்சம். 1,200 சதுர அடி வீட்டைச் சதுர அடிக்கு 2,500 ரூபாயில் கட்டினால் 30 லட்சம். பதிவுச் செலவு நிலத்துக்கு மட்டும்தான் என்பது உண்மையான ஆதாயம். 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி பெறும் வசதி 2024 ஜூலையில் வந்தது. அதற்கு முன் அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் கட்டி முடியும்வரை வாடகையும் தவணையும் ஒன்றாகக் கட்ட வேண்டும். மேஸ்திரி சொன்ன தொகையில் வேலை முடிவது அரிது. பஞ்சாயத்து அங்கீகாரம் என்று சொல்லி விற்ற மனைகளின் பதிவை 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடுத்ததும், 2016 அக்டோபர் 20 வரை பதிவான மனைகளுக்காக அங்கீகாரமில்லாத மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் 2017இல் வந்ததும் நினைவில் இருக்க வேண்டும். வரன்முறை ஆணை எண் இல்லாத பழைய மனையைத் தொடவே கூடாது. இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, சுற்றிலும் வெற்று மனைகள் இருக்கும் தெருவின் அமைதி நிலையானது அல்ல என்பது. அடுத்த பத்து ஆண்டுகளுக்கு அங்கே ஜல்லி லாரியும் கலவை எந்திரமும் வந்துகொண்டே இருக்கும்.

அமைதியை யாரும் பத்திரத்தில் எழுதித் தருவதில்லை என்பது பழைய தெருவுக்கும் பொருந்தும். இருபது தனி வீடுகள் உள்ள தெருவில் ஒவ்வொன்றும் இடிக்கப்பட்டு ஆறு வீடுகளானால் நூற்றிருபது குடும்பங்களும் அவற்றின் வண்டிகளும் அதே அகலத் தெருவில் நிற்கும். ஒரு மனையில் எத்தனை வீடு கட்டலாம் என்பதைச் சாலை அகலமும் தீர்மானிக்கிறது. அதனால் அகலம் குறைந்த தெருவும் முட்டுச்சந்தும் கூடுதல் காலம் அமைதியாக இருக்கும். எதிர்த் தெரு நேராக வாசலில் வந்து முட்டுவதால் தெருக்குத்து என்று பலர் ஒதுக்கும் வீடு விலை குறைவாகக் கிடைக்கலாம், ஆனால் எதிர்த் தெருவில் வரும் வண்டிகளின் வெளிச்சமும் சத்தமும் இரவில் நேராக வாசலுக்கு வரும் என்பதால் அமைதி தேடுபவருக்கு அது ஏற்றதல்ல. பக்கத்து வீட்டில் முதியவர் தனியாக வாழ்ந்து, பிள்ளைகள் வெளியூரில் இருந்தால், அந்த வீடு சில ஆண்டுகளில் கட்டுபவர் கைக்குப் போகலாம் என்று எதிர்பார்த்தே வாங்க வேண்டும்.

பணம் 60 லட்சத்தைத் தாண்டாதவருக்கு நான் சொன்ன மறுவிற்பனை அடுக்ககத்தில் இன்னொரு நன்மை, பார்க்க வேண்டிய எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருப்பது: சுவர் விரிசல், மழைக்கால ஒழுகல், ஆழ்துளைக் கிணற்றின் நிலை, யார் எங்கே வண்டி நிறுத்துகிறார்கள் என்ற வழக்கம். ஆறு குடும்பங்களும் பராமரிப்புப் பணத்தை ஒழுங்காகக் கொடுக்கின்றனவா என்று சங்கக் கணக்கைக் கேட்டுப் பார்க்கலாம். கட்டடம் முதிர்ந்தபின் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் இடித்துக் கட்டலாம் என்று தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 வழி செய்கிறது. அந்த நாளில் கையில் இருக்கப்போவது பிரிக்கப்படாத பங்கு மட்டுமே என்பதால், அழகிய தரைக்கல் பதித்த 300 சதுர அடிப் பங்கு வீட்டைவிட, மங்கிய தரையும் 450 சதுர அடிப் பங்கும் உள்ள வீட்டுக்கே நான் பணம் கொடுப்பேன்.