ஊரிலிருந்து வந்து ஏழாண்டுகள்: சுங்கை சிப்புட் வாழ்க்கை, ஓர் அனுபவப் பகிர்வு

2018 ஆகஸ்டில் புதுக்கோட்டையிலிருந்து புறப்பட்டு, மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே உள்ள சுங்கை சிப்புட்டில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். ரப்பரும் செம்பனையும் (எண்ணெய்ப் பனை) சூழ்ந்த தோட்டத்து நகரம் இது. கடைத்தெருவில் தமிழ் கேட்கும், மாரியம்மன் கோவில் உண்டு, மின்னல் எஃப்.எம். நாள் முழுதும் தமிழில் ஒலிக்கும். ஆகவே வேறு நாட்டுக்குப் போகும் ஒருவர் செய்துகொள்ள வேண்டிய முன்னேற்பாடுகள் எவையும் எனக்குத் தேவைப்படா என்று எண்ணிக்கொண்டு வந்தேன். முதலாண்டில் நான் பட்ட சிரமங்களில் பாதிக்கு மேல் இந்த எண்ணத்தால் வந்தவை. சீனாவுக்கோ ஜெர்மனிக்கோ போயிருந்தால் ஒவ்வொன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பேன். இங்கே எல்லாம் தெரிந்ததுபோல் இருந்ததால் கேட்கவே இல்லை.

சொற்களிலிருந்தே தொடங்குகிறேன். வந்த மூன்றாம் நாள், என் மேற்பார்வையாளர் தொலைபேசியில் அழைத்து, "மோட்டார் கெட்டுப்போச்சு, வர நேரமாகும்" என்றார். நீரேற்றும் மோட்டார் பழுதாகிவிட்டது என்று எண்ணிக் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பம்பு அறைக்கு ஓடினேன். அங்கே பம்பு நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. இங்கு மோட்டார் என்றால் இருசக்கர வண்டி; காருக்குக் காடி என்று பெயர். உணவுக் கடையில் அமர்ந்ததும் "தண்ணி என்ன வேணும்?" என்பார்கள். குடிநீரைக் கேட்கிறார்கள் என்று நினைத்து "சுடுதண்ணி" என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் கேட்டது தேநீரா, கோப்பியா, பழச்சாறா என்பதை. வெள்ளி என்றால் ரிங்கிட். "பசியாறியாச்சா?" என்பது காலைச் சிற்றுண்டி முடிந்ததா என்ற விசாரிப்பு, அதற்கு "எனக்குப் பசியில்லை" என்று பதில் சொன்னால் கேட்டவர் சற்று விழிப்பார். தோட்டம் என்றால் எஸ்டேட். "ஊர்" என்று மொட்டையாகச் சொன்னால் பெரும்பாலும் அது இந்தியா, நான் "ஊர்க்காரர்". இந்தக் கடைசிச் சொல்லில் வெறுப்பு இருப்பதாக முதலில் தவறாக எடுத்துக்கொண்டேன். அப்படி எதுவும் இல்லை. அவர்களில் பலருடைய தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ புறப்பட்ட இடத்துக்கும் அதே பெயர்தான்.

தேநீரைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். "தே" என்று மட்டும் கேட்டால் டின்பால் கலந்து மிக இனிப்பாக வரும். "தே ஓ" என்றால் பாலில்லாதது, ஆனால் சர்க்கரை உண்டு. சர்க்கரையும் வேண்டாமென்றால் "தே ஓ கோசோங்". இனிப்பு குறைவாக வேண்டுமென்றால் "குராங் மானிஸ்" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த நான்கு தொடர்களும் தெரியாமல் எட்டு மாதம் குடித்த டின்பாலின் விலையை என் இரத்தச் சர்க்கரை அறிக்கையில் கண்டேன்.

இவை சிரித்துவிட்டுக் கடந்துபோகக்கூடியவை. தமிழை நம்பி உண்மையில் ஏமாந்தது அலுவலகங்களில்தான். கடைத்தெருவில் தமிழ் போதும். அரசு அலுவலக முகப்பில் வைக்கப்படும் பாரம், அதாவது படிவம், மலாயில்தான் இருக்கும். நாமா என்றால் பெயர், தாரிக் லாஹிர் என்றால் பிறந்த நாள், அலாமாட் என்றால் முகவரி, தண்டாதாங்ஙான் என்றால் கையொப்பம். இந்த அளவுக்கு இருபது முப்பது சொற்களை விமானம் ஏறும் முன்பே மனப்பாடம் செய்துவிடலாம். எனக்கோ பெயரே சிக்கலாயிற்று. உள்ளூர்த் தமிழர் பெயரில் தன் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே "ஏ/எல்" என்று இருக்கும். அது மலாயில் "அனாக் லெலாக்கி", அதாவது மகன். பெண்களுக்கு "ஏ/பி", "அனாக் பெரெம்புவான்". நம் கடவுச்சீட்டில் அப்படி எதுவும் கிடையாது. தந்தை பெயர் என்னுடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருந்தது. வேலை அனுமதியில் அது முன்னால் வந்தது. வங்கியில் பின்னால் எழுதினார்கள். தொலைபேசி நிறுவனத்தில் விட்டேவிட்டார்கள். மூன்று இடத்திலும் நான் மூன்று ஆட்கள். ஒரு கணக்கிலிருந்து பணம் அனுப்ப முயன்றபோதுதான் இது வெளிப்பட்டது. சரிசெய்ய ஆறு வாரம் அலைந்தேன். எந்த அலுவலகத்திலும் எழுதிக் கொடுக்கும்போது கடவுச்சீட்டில் இருக்கும் வரிசையிலேயே, ஓர் எழுத்துக்கூடக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுங்கள். முகப்பில் இருப்பவர் உதவி செய்வதாக நினைத்து இடையில் ஏ/எல் சேர்த்தால் பணிவாக நீக்கச் சொல்லுங்கள்.

வீட்டு விஷயத்தில் பட்ட அடி பெரிது. இங்கு வழக்கம், ஒரு மாத வாடகை முன்பணம், இரண்டு மாத வாடகை வைப்புத்தொகை, மின்சாரத்துக்கும் தண்ணீருக்குமாக அரை மாத வைப்புத்தொகை. ஆக, நுழையும்போதே மூன்றரை மாத வாடகை கையில் இருக்க வேண்டும். என் முதல் வீட்டுக்காரர் தமிழர், அன்பாகப் பேசினார், "நமக்குள்ளே என்ன தம்பி பத்திரம்?" என்றார். எனக்கும் அது இனிமையாகவே இருந்தது. பதினான்கு மாதம் கழித்து வீடு மாறியபோது, நான் வருவதற்கு முன்பிருந்த மின்கட்டண நிலுவையை என் தலையில் வைத்து, வைப்புத்தொகையில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டார். என்னிடம் எழுத்தில் எதுவும் இல்லை. இரண்டாம் வீட்டில் ஒப்பந்தம் எழுதி, முத்திரை வரி கட்டி, உள்ளே நுழைந்த அன்றே மின்மானியையும் தண்ணீர்மானியையும் எண் தெரியப் படமெடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் சீனர், எங்களுக்குள் பொதுமொழி என் அரைகுறை மலாய்தான். ஐந்தாண்டுகளில் ஒரு சச்சரவும் இல்லை. இதிலிருந்து இனத்தைப் பற்றிய முடிவு எதற்கும் வர வேண்டாம். தாளில் எழுதியிருந்தது, எழுதாமல் விட்டது என்ற வித்தியாசம் மட்டுமே.

மின்சாரம் நம் நாட்டைப் போன்ற அழுத்தமும் 50 ஹெர்ட்ஸும்தான். ஆகவே என் மனைவி பெட்டியில் கொண்டுவந்த மேசை அரவை இயந்திரம் ஏழாண்டாக ஓடிக்கொண்டிருக்கிறது. மாறுவது செருகி மட்டும். இங்கே மூன்று பட்டைக் கால்கள். நம் உருண்டைக் கால்கள் பொருந்தா. சுவர்ப் பலகையின் மேல் துளைக்குள் பேனாவை விட்டுத் திறப்பை நெம்பி, இரண்டு கால் செருகியை அழுத்தி நுழைப்பவர்களைப் பார்ப்பீர்கள். அந்த மேல் துளை நிலக் கம்பிக்கு உரியது. அப்படிச் செய்வதால் பிடிப்பு தளர்ந்து, செருகி சூடேறி உருகியதை எங்கள் தொழிற்சாலை விடுதியிலேயே பார்த்திருக்கிறேன். ஹார்டுவேர் கடையில் ஃபியூஸ் உள்ள புதுச் செருகி ஒன்று வாங்கி, பழையதை வெட்டியெறிந்துவிட்டு மாட்டுங்கள். மாற்றியை (அடாப்டரை) நம்பி மாவரைக்காதீர்கள்.

இனி மோட்டார். தோட்டத்து நகரத்தில் இதுவே கால். பேருந்து உண்டு, ஆனால் அதை நம்பி இரவுப் பணிக்குப் போக முடியாது. நான் உரிமத்தை அடியிலிருந்தே எடுத்தேன்: முதலில் சட்டத் தேர்வு, 50 கேள்வி, 42 சரியாக வர வேண்டும். பிறகு பயிற்சி நிலையத்தில் ஒடுங்கிய பலகைமேல் மெதுவாக ஓட்டிக் காட்ட வேண்டும். இந்தியாவில் பதினைந்தாண்டு ஓட்டியவன் என்ற பெருமிதத்துடன் போய் அந்தப் பலகையிலிருந்து இரண்டு முறை இறங்கினேன். எனக்குப் பின்னால் நின்ற பதினேழு வயதுப் பெண் ஒரே முறையில் கடந்தாள். வாங்கியது பழைய கப்சாய். கிளச்சு பிடிக்க வேண்டாத, காலால் மட்டும் கியர் மாற்றும் சிறு வண்டியை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். ஏழாண்டில் அது கேட்டது சங்கிலி, பிரேக் கட்டை, இரண்டு டயர், பின்னே மாதாமாதம் எண்ணெய். நான் வாங்கியபோது 150 சிசிக்கு உட்பட்ட வண்டிக்கு ஆண்டுச் சாலை வரி 2 வெள்ளிதான். காப்பீடுதான் அதைவிடப் பல மடங்கு. நெடுஞ்சாலையில் மோட்டாருக்குச் சுங்கக் கட்டணமும் கிடையாது. குறை ஒன்று உண்டு: இருக்கை கடினம், கோலகங்சார் தாண்டினால் முதுகு பேசத் தொடங்கும்.

பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். 1992 முதல் அது சட்டம். எதிரே வருபவர் "விளக்கு எரிகிறது" என்று ஊரில் கைகாட்டுவது போல இங்கே யாரும் காட்ட மாட்டார்கள், எரியாவிட்டால்தான் காட்டுவார்கள். மேல்சட்டையைப் பின்முன்னாக மாட்டிக்கொண்டு போகிறவர்களைக் கண்டு முதலில் சிரித்தேன். கைகளை நுழைத்து, முதுகுப் பக்கம் திறந்து கிடக்க, நெஞ்சை மூடி ஓட்டுவார்கள். விடியற்காலை ஐந்தரைக்கு, பனி இறங்கும் ரப்பர்க் காட்டு ஓரமாக ஒருநாள் போய்ப் பார்த்த பிறகு நானும் அப்படித்தான் மாட்டுகிறேன். காற்று முன்னாலிருந்துதானே வருகிறது, நிறுத்தியவுடன் கழற்றவும் எளிது. சாலையில் கவனிக்க வேண்டியது செம்பனைக் குலை ஏற்றிய லோரி. வளைவுகளில் உதிரிப் பழங்கள் சிந்தும். டயர் ஏறி நசுங்கினால் எண்ணெய் ஊறித் தார் வழுக்கும், மழை பெய்தால் இன்னும் மோசம். தோட்டத்துச் சிம்பாங்கிற்கு (சாலைச் சந்திக்கு) அருகே ஆரஞ்சு நிறத்தில் ஏதாவது சிதறிக் கிடந்தால் பிரேக்கைத் தொடாமல் வேகத்தை முன்பே குறைத்துவிடுங்கள். நான் ஒரே ஒரு முறை தொட்டேன். வலது முழங்கையில் அடையாளம் இருக்கிறது.

அந்த முழங்கையோடு போன தனியார் கிளினிக்கில் ஒன்று பிடித்தது. மருத்துவர் பார்த்தபின் மருந்தை அங்கேயே முகப்பில் கொடுத்துவிடுகிறார்கள்; சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடை தேட வேண்டியதில்லை. விடுப்புக்கு "எம்.சி." எனும் மருத்துவச் சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொள்ள மறக்கக் கூடாது. அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்கு உள்ள கட்டணம் நமக்கு இல்லை. பல மடங்கு கூடும். நிறுவனக் காப்பீடு எதை ஏற்கும், எதை ஏற்காது என்பதைச் சேர்ந்த வாரமே கேளுங்கள். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் டெங்கி என்று சந்தேகித்து இரத்தம் கொடுத்துப் பார்ப்பதே நல்லது. மழைக்காலத்தில் பூந்தொட்டித் தட்டு, பழைய டயர் எதிலும் தண்ணீர் நிற்க விடாதீர்கள்.

வரியில் நான் அறியாமல் இழக்கவிருந்ததைப் பற்றிச் சொல்கிறேன். பொதுவாக ஓர் ஆண்டில் 182 நாள் இங்கே இருந்தால்தான் நீங்கள் வரிக்கு வசிப்பாளர். ஆகஸ்டில் வந்தவனுக்கு அந்த ஆண்டில் அத்தனை நாள் கிடைக்காது. வசிப்பாளர் அல்லாதவருக்கு முதல் வெள்ளியிலிருந்தே ஒரே வீதம். அன்று 28 விழுக்காடு, 2020 முதல் 30. முதல் நான்கு சம்பளச் சீட்டையும் பார்த்து ஏஜெண்டு ஏமாற்றிவிட்டார் என்றே நினைத்தேன். கணக்குப் பிரிவில் இருந்த ஓர் அக்கா விளக்கினார்: அடுத்த ஆண்டு தொடர்ச்சியாக 182 நாள் இருந்து, முதலாண்டின் நாட்கள் அதனோடு அறுபடாமல் இணைந்திருந்தால், முதலாண்டுக்கும் வசிப்பாளர் என்று கணக்கிடச் சட்டம் இடம் தருகிறது. உறவினரைப் பார்க்கப் போய்வரும் 14 நாள் வரை பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் டிசம்பரில் நீண்ட விடுப்பு போட்டால் தொடர் அறுந்துவிடும். நான் பொங்கலுக்குப் போகாமல் இருந்தேன். அதற்கு விடுமுறையும் இல்லை. தைப்பூசத்துக்கு பேராக் மாநிலத்தில் உண்டு, பொங்கலுக்குக் கிடையாது. பிடித்த பணத்தில் பெரும்பகுதி மறு ஆண்டு திரும்பி வந்தது. 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டு ஊழியருக்கும் சேமநிதி உண்டு: நாம் 2 விழுக்காடு, முதலாளி 2 விழுக்காடு. சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மனிதர்களைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. அறிமுகமான பெரியவர்கள் முதலில் கேட்பது "எந்தத் தோட்டம்?" என்பதே. அந்தத் தோட்டம் செம்பனைக்கு மாறியிருக்கலாம், லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இடிக்கப்பட்டுக் குடும்பங்கள் தாமானுக்கு (நகரக் குடியிருப்புக்கு) வந்து முப்பதாண்டு ஆகியிருக்கலாம். ஆனாலும் முகவரி அதுவே. பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில் தொழிலாளர்களே பங்கு போட்டுத் தோட்டம் வாங்க 1960இல், மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார் என்பதையும், இந்த ஊர் அவருடைய தொகுதியாக இருந்தது என்பதையும் நான் ஒரு தீமிதித் திருவிழாப் பந்தியில், இலை போடும் வரிசையில் நின்றபடி கேட்டறிந்தேன். தீபாவளியன்று வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சிறு உறையில் பணம் தர வேண்டும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பதினோரு பிள்ளைகளுக்கு முன்னால் வெறுங்கையோடு நின்றேன். உறைகளை ஒரு வாரம் முன்பே வாங்கி வையுங்கள்.

கடைசியாகக் கடவுச்சீட்டு. வேலை அனுமதி கடவுச்சீட்டின் ஆயுளைத் தாண்டி ஓடாது. காலாவதிக்குப் பல மாதம் முன்பே புதுப்பிக்க ஏற்பாடு செய்யுங்கள். புதியதில் எண் மாறிவிடும். வங்கி, கைப்பேசி எண், காப்பீடு, மோட்டார் உரிமம் எல்லாம் பழைய எண்ணில்தான் நிற்கும். ஒவ்வோரிடமும் இரண்டையும் சேர்த்துக் கேட்பார்கள். மூலை வெட்டிய பழைய கடவுச்சீட்டை வீசிவிடாதீர்கள். என்னுடையவை இரண்டும் ஒரு ரப்பர் வளையத்துக்குள், அலமாரியின் மேல்தட்டில், அரவை இயந்திரத்தின் உத்தரவாதச் சீட்டோடு இருக்கின்றன.