காட்டன் பேப்பர் பிளாக்: வயல்வெளிக்குச் சரி, ஸ்டூடியோவுக்கு?

கல்லணைக் கரையிலும் திருவையாற்றுப் படித்துறையிலும் உட்கார்ந்து வாட்டர்கலர் தீட்டுகிறவர்களுக்கு தாள்களை அடுக்கி நாலு பக்கமும் பசை ஒட்டிய காட்டன் பிளாக் ஒரு வரப்பிரசாதம். இங்கே பார்ப்பது 9×12 அங்குலம், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்), நூறு சதவீதம் பருத்தி, கோல்ட் பிரஸ் (லேசான சொரசொரப்பு), 20 தாள்.

பலகை, கிளிப், டேப் எதுவும் சுமக்க வேண்டாம். ஆடிக்காற்றிலும் தாள் படபடக்காது. சித்திரை வெயிலில் மரக்கூழ்த் தாளில் இழுத்த வானம், பாதி இறங்குவதற்குள் காய்ந்து கோடு விழும். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைப்பதால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். தாளை முழுக்க நனைத்து, தேங்கிய நீர் உள்ளிறங்கி மினுமினுப்பு மட்டும் நிற்கும்போது வண்ணத்தை விடுங்கள். நாற்றங்கால் பச்சைக்கு லெமன் யெல்லோவில் துளி தாலோ புளூ போதும். வளர்ந்த சம்பாப் பயிருக்கு அல்ட்ராமரின், கேட்மியம் யெல்லோ, கூடவே துளி பர்ன்ட் சியன்னா.

தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். வாய்க்கால் நீரின் வண்டல் வாஷில், அதாவது நீர்க்கக் கலந்து பரப்பும் வண்ணத்தில், படியும். வேதாரண்யம் பக்கத்து உப்பு போர்த் தண்ணீர், காய்ந்ததும் வெள்ளைப் பூப்பு விடலாம்.

வண்டவாளம் ஐப்பசி, கார்த்திகையில் தெரியும். மேல் தாள் நனைந்தால் புடைக்கும், காய்ந்தால் தானே இறுகும். ஈரத்தோடு பிரித்தெடுத்தால் வளைந்தபடியே நின்றுவிடும். அடைமழை நாளில் ஒரு படம் காயும்வரை மிச்சம் 19 தாளும் முடக்கம்தான். ஒரு பெரிய பிளாக்குக்குப் பதில் இரண்டு சின்னது வாங்குவது புத்திசாலித்தனம். காய்ந்த தாளைப் பிரிக்க, ஓரத்தில் பசை இல்லாத சின்ன இடைவெளியில் மழுங்கிய கத்தியை விட்டுச் சுற்றுங்கள். கூரான கட்டர் அடுத்த தாளையும் கிழிக்கும்.

ஈரக்காற்றில் மாதக்கணக்கில் கிடந்தால் தாளின் சைஸிங் (நீரை உடனே உறிஞ்சாமல் தடுக்கும் பசைப்பூச்சு) கெடும். ஓரத்தில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் நல்லது. உடனே உறிஞ்சிக் கறுத்தால், அந்தத் தாளில் வண்ணம் மையொற்றுத்தாளில் போல ஊறும். பென்சில் பயிற்சிக்கு ஒதுக்கிவிடலாம். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, பிளாஸ்டிக் உறையில் மூடி வைத்தால் பூஞ்சைப் புள்ளியும் வராது.

ஸ்டூடியோவுக்கு வந்ததும் வேலையின் சுபாவமே மாறுகிறது. வெளியில் ஒரே மூச்சில் முடித்தது, உள்ளே அடுக்கடுக்கான கிளேஸ் (காய்ந்த வண்ணத்தின் மேல் பூசும் மெல்லிய, ஊடுருவித் தெரியும் அடுக்கு) ஆகிறது. ஆங்கில நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் வெளியில் சின்ன எண்ணெய்ச் சித்திரங்கள் தீட்டிவிட்டு, ஸ்டூடியோவில் ஆறடி அகலக் கித்தானுக்குப் போனவர். அவர் அங்கே நேராக இறுதிப் படத்தில் கைவைக்காமல் அதே அளவில் ஒரு முன்வரைவும் போட்டுப் பார்த்தார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பெரிதாக்கும்போது கணக்கு முக்கியம். 9×12 என்பது 108 சதுர அங்குலம். 22×30 முழுத்தாள் 660. வாஷும் ஆறு மடங்கு கலக்க வேண்டும், இல்லையென்றால் பாதி வானத்தில் கிண்ணம் காலி. 10ஆம் எண் பிரஷை வைத்துக்கொண்டு முழுத்தாளில் மல்லுக்கட்டினால் ஆற்றுப்பரப்பு துண்டு துண்டாகத்தான் வரும். இரண்டு அங்குலத் தட்டை பிரஷ் எடுங்கள். ஒவ்வொரு கிளேஸும் தொட்டால் குளிர்ச்சி தெரியாத அளவு காய வேண்டும். அவசரப்பட்டால் கீழ் அடுக்கு கிளம்பிச் சேறாகும். வெள்ளையாக விட வேண்டிய இடத்தை மறைக்கும் ரப்பர் திரவமான மாஸ்கிங் ஃப்ளூயிடை வெப்பத்தில் நாள்கணக்கில் விட்டால், உரிக்கும்போது தாளின் மேற்பரப்பும் சேர்ந்து வரும்.

இந்த வேலைக்குப் பிளாக் வேண்டாம். உதிரித் தாளை 5 முதல் 10 நிமிடம் நீரில் ஊறவைத்து, 12 மி.மீ. பிளைவுட்டில் நீர் தொட்டு ஒட்டும் காகித டேப்பால் நாலு ஓரமும் ஒட்டி, படுக்கைவாட்டில் காயவிடுங்கள். மாஸ்கிங் டேப் ஈரத்தாளில் நிற்காது. பிளாக் எந்தத் தயாரிப்போ அதே தயாரிப்பின் கோல்ட் பிரஸ் தாளையே வாங்குங்கள். கம்பெனிக்குக் கம்பெனி சொரசொரப்பும் உறிஞ்சலும் மாறும். வயலில் பழகிய கை, வேறு தாளில் தடுமாறும்.