நடுகல் கதைய புக்கா ஆக்கிக் குடுத்த தருமபுரி டிடிபி கடை - முழு ரிவ்யூ

தருமபுரி பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்து போற தூரத்துல மாடியில இருக்குற இந்தக் கடைய, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற டிடிபி கடைன்னுதான் ஊருல எல்லாருக்கும் தெரியும். நாவல் எழுதி பீரோக்குள்ள வச்சிருக்கவங்களுக்கும் இது தெரியணும்னுதான் இவ்ளோ நீளமா எழுதுறேன், அதுலயும் குறிப்பா ஃபேன்டசி எழுதுறவங்களுக்கு. எழுதுனத முழுசா படிச்சுட்டு அப்புறமா வேலைய ஆரம்பிக்கிற ஆளுங்க இங்க இருக்காங்க. அஞ்சு ஸ்டார் குடுத்தது அதுக்குத்தான், மத்ததெல்லாம் அப்புறம்.

என் நாவல் நடுகல்ல வச்சு எழுதுனது. நம்ம பக்கம் வயக்காட்டு ஓரம், ஏரிக்கரைன்னு எங்கயாவது ஒரு நடுகல் நின்னுட்டுதான் இருக்கும், மாடு மீட்கப் போயி செத்தவன், புலியோட சண்ட போட்டு செத்தவன்னு. தருமபுரி அகழ்வைப்பகத்துல, அதாங்க தொல்லியல் மியூசியத்துல, நிறைய வச்சிருக்காங்க, பாக்காதவங்க ஒருக்கா போயி பாருங்க. செங்கம் பக்கம் எடுத்தனூர்ல மகேந்திரவர்மன் காலத்துக் கல்லு ஒண்ணு கெடச்சிருக்கு, அதுல வீரனோட அவன் நாயும் நிக்கும், நாய்க்கு கோவிவன்னு பேரு கூட வெட்டியிருக்காங்க, ரெண்டு கள்வரக் கடிச்சுட்டு அங்கயே காத்து நின்னுச்சாம். அப்படி ஒரு நாயி கல்ல விட்டு எறங்கி வந்தா எந்தப் பக்கம் போகும், யாரத் தேடும்னு யோசிக்க ஆரம்பிச்சு வருசக்கணக்கா எழுதுனதுதான் என் கதை. பாலக்கோட்டுல ஸ்கூல் வேலை முடிச்சு வந்து, சமையல முடிச்சு, பசங்க தூங்கினப்புறம் போன்லயே டைப் பண்ணுனது.

எழுதி முடிச்சதோட கஷ்டம் முடிஞ்சிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சென்னையில ஒரு பதிப்பகம், பேரு வேணாம், நல்லா எழுதியிருக்கீங்க மேடம் ஆனா தமிழ்ல ஃபேன்டசி போகாது, ஒரு ராஜா பேரப் போட்டு சரித்திர நாவலா மாத்திக் குடுங்க போட்டுடலாம்னாங்க. பேசுற நாய வச்சுக்கிட்டு சரித்திர நாவல் எப்படிங்க எழுதுறது? இன்னொருத்தரு படிச்சுட்டு சிறுவர் கதையான்னு கேட்டாரு, அதுல வர்ற சாவுகள எண்ணிப் பாத்திருந்தா அப்படிக் கேட்டிருக்க மாட்டாரு. ஒரு இடத்துல மட்டும் சரி போடுறோம்னு சொல்லிட்டாங்க, அன்னிக்கு எங்க வீட்டுல கேசரி கிண்டுனேன், சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு. ஜனவரி சென்னை புத்தகக் காட்சிக்கு வந்துடும்னாங்க, காட்சியும் முடிஞ்சுது, அப்புறம் போன எடுக்கல, மெயிலுக்கும் பதில் இல்ல. அந்த மாசம் பூரா நான் ஒரு வரி எழுதல.

அப்புறம் காசு வாங்கிட்டு புக்கு போட்டுத் தர்ற இந்த பேக்கேஜ் கம்பெனிக்காரங்க. காசு நாமதான் குடுக்கணும், அதுக்கு மேல 200 காப்பி நாமளே வாங்கிக்கணும், ஐஎஸ்பிஎன்னு ஒவ்வொரு புக்குக்கும் இருக்குற அடையாள நம்பருக்குத் தனியா ஒரு சார்ஜ். இத எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கோங்க, நம்ம நாட்டுல ஐஎஸ்பிஎன் இலவசம், டெல்லியில ராஜா ராம்மோகன் ராய் பேர்ல இருக்குற மத்திய அரசு ஏஜென்சி குடுக்குது, ஆன்லைன்லயே அப்ளை பண்ணலாம், சொந்தமா புக்கு போடுற தனி ஆளுக்கும் குடுப்பாங்க, 978ல ஆரம்பிக்கிற 13 இலக்க நம்பர். அந்த அக்ரிமென்ட்ல சினிமா உரிமை வரைக்கும் எல்லாத்தையும் காலத்துக்கும் எழுதி வாங்குற மாதிரி இருந்துச்சு, கையெழுத்துப் போடாம திருப்பி அனுப்பிட்டேன்.

நடுவுல அமேசானோட கிண்டில்ல இபுக்கா போட்டேன். அது எனக்கு உயிர் குடுத்துச்சு, உண்மையாவே. தமிழ்ல நேரா ஏத்தலாம், இபுக்குக்கு ஐஎஸ்பிஎன் கூட தேவையில்ல, அவங்களே ஒரு நம்பர் போட்டுக்குறாங்க. இந்தியாவுல விக்கிறதுக்கு 70 சதவீதம் ராயல்டி வேணும்னா செலக்ட்னு ஒரு திட்டத்துல சேரணும், சேர்ந்தா 90 நாளைக்கு அதே இபுக்க வேற எந்த இடத்துலயும் போடக் கூடாது, இல்லன்னா 35தான். சந்தா கட்டிப் படிக்கிற கிண்டில் அன்லிமிடெட்ல, படிக்கிறவங்க எத்தன பக்கம் படிக்கிறாங்களோ அதுக்குத் தகுந்த மாதிரி காசு. சிங்கப்பூர்ல இருந்து ஒருத்தங்க படிச்சுட்டு, எங்க தாத்தா ஊரு அரூர், எங்க ஊர்ல இருக்குற கல்லு ஞாபகம் வந்துச்சுன்னு எழுதியிருந்தாங்க, அத எத்தன தடவ படிச்சேன்னு எனக்கே தெரியாது. ஆனா எங்க அம்மாவுக்குப் போன்ல படிக்க வராது, எங்க தெருவுல யாருக்கும் கிண்டில்னா என்னன்னு தெரியாது, கல்லு நிக்கிற ஊருல கதை போய்ச் சேரலன்னா அப்புறம் என்னத்துக்கு எழுதுனேன்னு தோணிட்டே இருந்துச்சு.

இப்படித்தான் இந்தக் கடைக்கு வந்தேன். கவுன்ட்டர்ல இருந்த அண்ணன் வேர்டு ஃபைல வாங்குனாரு, எத்தன பக்கம் என்ன ரேட்டுன்னு எதையும் சொல்லல, படிச்சுட்டு சொல்றேன் ஒரு வாரம் கழிச்சு வாங்கக்கான்னாரு. போனப்ப கையில ஒரு பேப்பர் வச்சிருந்தாரு, என் கதையில வர்ற ஆளுங்க பேரு, ஊர் பேரு, ஆயுதத்தோட பேரு எல்லாம் வரிசையா எழுதி, போன் கீபோர்டு தானா மாத்திவிட்டு ரெண்டு விதமா வந்திருந்த பேருக்கு எதுருல எல்லாம் பென்சில்ல ஒரு கோடு. இதுல எது சரின்னு நீங்களே டிக் பண்ணுங்கக்கா, அப்புறம் நான் கைய வைக்கிறேன்னாரு. ஃபேன்டசி எழுதுறவங்களுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு புரியும். நம்ம உலகத்துல இல்லாத பேர நாம உருவாக்கியிருப்போம், அது தப்புன்னு நெனச்சு அவங்க பாட்டுக்கு திருத்திட்டா கதையே போச்சு. பெரிய பதிப்பகத்துல கூட யாரும் எனக்கு இத செய்யல.

ப்ரூஃப் பாக்குறது ஒரு ரிட்டயர்டு தமிழ் ஐயா, சாயங்காலம் மட்டும் வருவாரு. ஒற்றெழுத்து, ணகர னகரம், ரகர றகரம் ஒண்ணு விட மாட்டாரு. அவருக்கும் எனக்கும் ஒரு பெரிய வாக்குவாதம், என் ஆளுங்க பேசுற பேச்சு எல்லாம் நம்ம ஊர்ப் பேச்சு, ஐயா அதையெல்லாம் சிகப்பு மையில எழுத்துத் தமிழா மாத்தி வச்சிருந்தாரு. "ஏம்மா, புத்தகம்னா நாலு பேரு படிக்கணுமில்ல"ன்னாரு. "ஐயா, மாடு மேய்க்கிறவன் மாடு மேய்க்கிறவன் மாதிரி பேசுனாதான கல்லு பேசுறத நம்புவாங்க"ன்னேன். அன்னிக்கு ஒண்ணும் சொல்லல. அடுத்த தடவ போனா பேச்சு பூரா பழையபடி விட்டுட்டு, கதை சொல்ற இடத்துல மட்டும் திருத்தியிருந்தாரு. அதுலயும் நான் ஒத்துக்காத இடங்கள் இருந்துச்சு, அதையும் கேட்டுக்கிட்டாரு. என்னோட எழுத்துக்கு மரியாதை குடுத்த முதல் ஆளு ஐயாதான்னு நான் சொல்லுவேன்.

லேஅவுட் பத்தி சொல்லணும். நிறைய கடையில இன்னும் பழைய ஃபான்ட்லதான் வேலை, நாம யூனிகோடுல, அதாவது போன்ல டைப் பண்ற எழுத்து முறையில, குடுத்தத மாத்துறப்ப கொம்பு ஒரு பக்கம் காலு ஒரு பக்கம் போயிடும், ஸ்ரீ காணாம போயிடும். இங்க இன்டிசைன்னு ஒரு லேஅவுட் சாஃப்ட்வேர்ல யூனிகோடுலயே பண்றாங்க, அதனால அந்தத் தொல்லை இல்ல. தமிழ்ல வார்த்தை நீளம், ரெண்டு பக்கமும் நேரா வெட்டுன மாதிரி வச்சா நடுவுல ஓட்டை ஓட்டையா எடம் விழும், அண்ணன் அத ஒவ்வொரு பக்கமா உக்காந்து சரி பண்ணுனாரு, நான் பக்கத்துல இருந்து பாத்தேன். நாவலுக்கு வழக்கமா வைக்கிற டெம்மி சைஸ்ல மொதல்ல 323 பக்கம் வந்துச்சு, பிளேட் போட்டு மொத்தமா அடிக்கிற ஆஃப்செட்டுல 16 பக்கம் சேந்தது ஒரு ஃபாரம், 320ன்னா சரியா 20 ஃபாரம், மூணு பக்கத்துக்காக பின்னாடி ஆஃப்செட் அடிக்கிறப்ப கூடுதல் செலவு எதுக்குன்னு எழுத்து சைஸக் கொறைக்காமலே 320க்குள்ள கொண்டு வந்துட்டாரு.

அட்டைக்கு முன்னாடி வேற ஒருத்தர்கிட்ட காசு குடுத்து வாங்குன படத்துல கோபுரம் வச்ச வெள்ளக்காரன் கோட்டையும் இறக்கை வச்ச டிராகனும் இருந்துச்சு, என் கதையில ரெண்டும் இல்ல. இங்க இருக்குற பையன் அகழ்வைப்பகம் போயி பாத்துட்டு வந்து, நடுகல் மாதிரியே கட்டம் போட்டு, கீழ நாய மட்டும் உசுரோட இருக்குற மாதிரி வரஞ்சு குடுத்தான். தம்பிக்கு நல்ல கை.

ரேட்டு: லேஅவுட்டுக்கு பக்கத்துக்கு 40 ரூபா, ரெண்டு தடவ திருத்தம் அதுலயே சேத்தி. ப்ரூஃபும் அட்டையும் தனி. பிரிண்டிங் இவங்க இங்க பண்றதில்ல, சேலத்துக்கு அனுப்புறாங்க. பிளேட் இல்லாம அடிக்கிற டிஜிட்டல்ல 100 காப்பி எடுத்தேன், 70 ஜிஎஸ்எம் (பேப்பரோட கனம்) மஞ்சள் ஓட்டமான பேப்பர், 300 ஜிஎஸ்எம் அட்டை, மேட் லேமினேஷன், காப்பி 160 கிட்ட ஆச்சு, வெலை 350 வச்சேன். ஆஃப்செட்டுனா ஃபாரத்துக்கு ஃபாரம் பிளேட் செலவு இருக்கு, 300, 500ன்னு அடிச்சாதான் கட்டுப்படியாகும், மொதல்ல கொஞ்சமா போட்டு பாருங்கக்கான்னு அண்ணன்தான் சொன்னாரு, அவருக்கு அதுல லாபம் கம்மிதான். புக்கு வந்த கையோட நாலு காப்பி எடுத்து வைக்கச் சொன்னாரு, கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லின்னு நாலு நூலகத்துக்கு 1954ம் வருசச் சட்டப்படி அனுப்பணுமாம், எனக்கு யாரும் சொல்லாத விஷயம்.

குறையும் சொல்லிடுறேன். உள்ள வச்ச மேப், தென்பெண்ணை ஆத்த வச்சு நானே வரஞ்சது, மொத பிரிண்ட்ல மலையெல்லாம் கருப்பா அப்பிக்கிச்சு, ஊர் பேரே தெரியல. சொன்னதும் காசு வாங்காம மாத்திக் குடுத்தாங்க, ஆனா மாதிரிக் காப்பி ஒண்ணு மொதல்ல எடுத்துக் காட்டியிருந்தா அந்த அலைச்சல் மிச்சம், நீங்க போனா கண்டிப்பா கேளுங்க. போன் எடுக்கவே மாட்டாங்க, வாட்ஸ்அப்ல போட்டா ராத்திரி பதில் வரும். படி ரொம்ப செங்குத்து, வயசானவங்களுக்கு கஷ்டம். விக்கிற வேலை எதுவும் இவங்க பாக்க மாட்டாங்க, அதுக்கு நாமதான் அலையணும், நான் நம்ம புத்தகத் திருவிழாவுல தெரிஞ்ச ஸ்டால்ல வச்சேன், ஒரு காலேஜ் பையன் மொத அத்தியாயத்த நின்னுட்டே படிச்சுட்டு வாங்கிட்டுப் போனான்.

சொன்ன தேதிக்கு வரலன்னு சில பேரு கொறை சொல்லுவாங்க, அதுவும் உண்மைதான், எனக்கும் தள்ளிப் போச்சு. தை, வைகாசி, ஆவணின்னு முகூர்த்த மாசத்துல பத்திரிகை வேலைதான் முன்னாடி போகும், அதுதான் அவங்க சோறு. ஆடியிலயோ மார்கழியிலயோ ஃபைலக் கொண்டு போயி குடுங்க, அண்ணனும் ஃப்ரீயா இருப்பாரு, ஐயாவும் பொறுமையா உக்காந்து பாப்பாரு. என் ரெண்டாவது பாகத்த வர்ற ஆடிக்குத்தான் பேசி வச்சிருக்கேன்.